வாசகர் கேள்வி – பதில்: சவுண்டல் காட்டுக்குள் நான்கு ஓடுபாதைகள்

பசிபிக் தீவுகளில் போர்க்காலத்தில் போட்டுக் கைவிட்ட விமானத்தளங்கள் பற்றி வந்த கடிதங்களில், டினியன் தீவைக் குறித்தவை மட்டும் இந்த இதழில்.

ஹிரோஷிமாவில் குண்டு போட்ட விமானம் ஒரு சின்னத் தீவிலிருந்து கிளம்பியது என்று படித்தேன். அது எங்கே இருக்கிறது? அந்தத் தீவை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?
*– கடலூர் வாசகி*

மேற்குப் பசிபிக்கில் உள்ள மரியானா தீவுகளில் ஒன்று டினியன். பரப்பு ஏறக்குறைய 100 சதுர கி.மீ. வடக்கே ஐந்து கி.மீ. கடலைத் தாண்டினால் சைப்பான் தீவு, தெற்கே குவாம். தோக்கியோ சுமார் 2,400 கி.மீ. தொலைவு. பி-29 குண்டுவீச்சு விமானம் நடுவழியில் எரிபொருள் நிரப்பாமல் போய்வரக்கூடிய தூரம் அது.

மண்ணும் தோதாக அமைந்தது. சைப்பானில் மலை அதிகம். டினியனோ படிப்படியாகத் தட்டையான சுண்ணாம்புக்கல் மேடைகளால் ஆன தீவு. மேலே கொஞ்சம் மண், கீழே முழுக்கப் பழைய பவளப்பாறை. விமானத்தளம் போடுகிறவனுக்குக் கல்லும் சரளையும் காலடியிலேயே கிடைத்தன.

போருக்கு முன் அங்கே காடுதானா? மக்கள் யாரும் இல்லையா?
*– தஞ்சாவூர் வாசகர்*

முழுக்கக் கரும்புத் தோட்டம். இந்தக் கேள்வி அடிக்கடி விட்டுப்போகிறது, கேட்டதற்கு நன்றி. சாமோரோ மக்களின் தீவு அது. 'லாட்டே' எனப்படும் பெருங்கல் தூண்களில் ஒன்று இன்றும் சான் ஹோசே ஊரில் நிற்கிறது. ஸ்பெயினிடமிருந்து 1899-ல் ஜெர்மனி வாங்கியது; 1914-ல் ஜப்பான் பிடித்தது. அதன்பின் ஒரு ஜப்பானியச் சர்க்கரை நிறுவனம் காட்டை அழித்துத் தீவு முழுக்கக் கரும்பு போட்டது. வெட்டவும் ஆலையில் வேலை செய்யவும் ஒகினாவாவிலிருந்தும் கொரியாவிலிருந்தும் ஏழைக் குடும்பங்களைக் கொண்டுவந்தார்கள். போர் நெருங்கியபோது தீவில் ஏறத்தாழ 15,000 குடிமக்கள் இருந்தார்கள்.

வட கோடியில் உஷி முனைக்கு அருகே முதல் ஓடுபாதையைப் போட்டதும் ஜப்பானியரே. 1939-ல் தொடங்கிய அந்த வேலைக்கு ஜப்பானிலிருந்து சிறைக்கைதிகளைக் கொண்டுவந்தார்கள். நீளம் சுமார் 4,700 அடி.

1944 ஜூலை 24-ல் அமெரிக்க மரீன் படை கரையிறங்கியது. தெற்கே ஊர்ப்பக்கம் இறங்குவதுபோல் பாவனை காட்டிவிட்டு, வடமேற்கில் இரண்டு குறுகிய மணல்திட்டுகளில் இறங்கினார்கள். ஒன்றின் அகலம் 60 கஜம்தான். இருபுறமும் ஆள் உயரத்துக்கும் மேலான பவளப்பாறைச் சுவர். அதில் நீர்நில வண்டிகள் ஏற, சைப்பானின் இடிந்த சர்க்கரை ஆலையிலிருந்து எடுத்த இரும்பு உத்திரங்களால் சாய்தளம் செய்து வண்டிமேல் பொருத்திக்கொண்டு போனார்கள். ஆகஸ்ட் 1-ல் தீவு வீழ்ந்தது. ஜப்பானியப் படையினர் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பிழைத்தவர்கள் சில நூறு பேர். எஞ்சிய குடிமக்களைச் சூரோ என்ற இடத்தில் முகாம் போட்டு அடைத்தார்கள். சுமார் 11,000 பேர் அங்கே கம்பிவேலிக்குள் இருக்க, பக்கத்திலேயே அவர்கள் பயிரிட்ட கரும்புக்கொல்லைகள் விமானத்தளமாக மாறின.

நான் சாலை ஒப்பந்த வேலை செய்கிறவன். 8,500 அடி ஓடுபாதை நான்கைச் சில மாதங்களில் போட்டார்கள் என்றால் நம்ப முடியவில்லை. அவ்வளவு சிமெண்ட் எப்படிக் கொண்டுபோனார்கள்?
*– நாமக்கல் வாசகர்*

ஓடுபாதைக்குச் சிமெண்ட் போடவே இல்லை. அடித்தளம் நொறுக்கிய பவளக்கல். மேலே இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தார்க்கலவை. அவ்வளவுதான். அமெரிக்கக் கடற்படையின் கட்டுமானப் படையினர், 'சீபீஸ்' என்பார்கள், சுமார் 15,000 பேர் தீவில் வேலை செய்தார்கள். ஒவ்வொரு பாதையும் 8,500 அடி நீளம், 200 அடி அகலம். முதல் பாதை 1944 டிசம்பரில் தயார். நான்காவது 1945 மே மாதத்தில். இது வடக்குத் தளம். தீவின் நடுவில் இருந்த மேற்குத் தளத்தில் இதே நீளத்தில் இன்னும் இரண்டு.

உங்கள் தொழில் என்பதால் வேலைமுறையை விவரமாகச் சொல்கிறோம். முதலில் கரும்பு வேரோடு மேல்மண்ணை வழித்து ஒதுக்கினார்கள். பவள அடித்தளத்தில் களிமண் கலந்தால் முதல் மழையிலேயே அந்த இடம் உளையாகும். சரளையை எவ்வளவு உருட்டினாலும் பிடிக்காது. அதனால் மண் வழிப்பதில் அவசரம் காட்டக்கூடாது. அடுத்து மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்புவது. பார்வைக்குத் தட்டையாகத் தெரியும் நிலம்கூட 8,500 அடியில் பல ஆள் உயரம் ஏறி இறங்கும். வெட்டியதைவிட நிரப்பியது அதிகம். அதற்கான கல்லைப் பக்கத்திலேயே குழி வெட்டி, வெடி வைத்துத் தகர்த்து, பவர் ஷவலால் அள்ளி, டிப்பர் லாரிகளில் இரவு பகலாகக் கொண்டுவந்தார்கள். பவளக்கல் நாட்கள் செல்லச் செல்ல லாரித் தொட்டியையும் புல்டோசர் சங்கிலிப்பட்டையையும் அரத்தால் தேய்த்ததுபோல் தேய்த்துவிடும். உதிரிபாகத் தட்டுப்பாடு ஓயாத தலைவலி.

கல்லைப் பரப்பி, கிரேடரால் மட்டம் செய்து, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, அதன்மேல் அடுத்த அடுக்கு. தெளித்தது கடல்நீர். டினியனில் ஓடை, ஆறு கிடையாது. பெய்த மழை பாறை வழியே கீழே இறங்கிவிடும். நல்ல தண்ணீரைச் சாலைக்கு ஊற்ற முடியாது. கடல்நீரால் ஒரு நன்மையும் இருந்தது. பவளத்தூளில் இருப்பது சுண்ணாம்புச் சத்து. ஈரத்தில் அது கொஞ்சம் கரைந்து, காயும்போது மறுபடி இறுகி, துண்டுகளை ஒட்டிப்பிடிக்கும். உப்பு ஈரத்தைக் கொஞ்ச நேரம் தக்கவைக்கும். காய்ந்துபோன தூளை உருட்டினால் மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே பொலபொலவென்று இருக்கும். அதன்மேல் 60 டன் விமானம் உருண்டால் சக்கரத்தடம் பள்ளமாகிவிடும்.

மேலே தார் எதற்கு? பவளப்புழுதி எஞ்சினுக்குள் போனால் அதன் ஆயுளைக் குடித்துவிடும். மழையில் தூள் கரைந்து ஓடாமலும் அது காத்தது. தாரைப் பீப்பாய்களில் கப்பலேற்றி வந்து அங்கேயே காய்ச்சிக் கலந்தார்கள். இணைப்புப் பாதைகள் மட்டும் ஏறக்குறைய 8 மைல், விமானம் நிறுத்தும் திட்டுகள் 265 என்று கட்டுமானப் பதிவுகளில் காண்கிறோம்.

நான்கு பாதையும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பது ஏன்? நம்மூர் விமான நிலையங்களில் ஒன்றையொன்று வெட்டும் பாதைகளைப் பார்த்திருக்கிறேன்.
*– சென்னை மாணவர்*

காற்று. டினியனில் ஆண்டின் பெரும்பகுதி கிழக்கிலிருந்துதான் வீசும். எதிர்க்காற்றில் ஓடினால் விமானம் சீக்கிரம் தூக்கும் என்பதால் எல்லாப் பாதைகளும் கிழக்கு மேற்காக.

நான்கு தேவைப்பட்டதற்குக் காரணம் எரிபொருள் கணக்கு. நிமிடத்துக்கு ஒரு விமானம் என்று வைத்தால், ஒரே பாதையில் நூறு விமானம் கிளம்ப 100 நிமிடம். நான்கு பாதையில் 25 நிமிடம். கடைசி ஆள் மேலே வரும்வரை முதல் ஆள் வானில் பெட்ரோலை எரித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. பாதைகளுக்கு வடக்கிலிருந்து ஏபிள், பேக்கர், சார்லி, டாக் என்று பெயர். தீவின் சாலைகளுக்கு நியூயார்க்கின் மன்ஹாட்டன் தெருப்பெயர்கள். 'பிராட்வே' இன்றும் அதே பெயரில் இருக்கிறது.

குண்டை ஏற்றுவதற்குத் தரையில் குழி வெட்டினார்கள் என்கிறார்கள். விமானத்துக்கு அடியில் நேராக வைத்துத் தூக்கக்கூடாதா?
*– கோயம்புத்தூர் வாசகர்*

சாதாரணக் குண்டுகளை அப்படித்தான் ஏற்றினார்கள். ஹிரோஷிமா, நாகசாகி அணுகுண்டுகள் இரண்டும் வயிற்றுக்கடியில் நுழையவில்லை. நாகசாகியில் போட்ட 'ஃபேட் மேன்' குண்டின் விட்டம் 1.52 மீட்டர், எடை சுமார் 4,670 கிலோ. தள்ளுவண்டி உயரத்தையும் சேர்த்தால் பி-29-ன் அடிவயிறு இடிக்கும். ஹிரோஷிமாவில் போட்ட 'லிட்டில் பாய்' விட்டத்தில் சிறியது, 71 செ.மீ.; ஆனால் 3 மீட்டர் நீளம், சுமார் 4,400 கிலோ.

ஏபிள் பாதைக்கு அருகே இரண்டு குழிகள், உள்ளே ஹைட்ராலிக் தூக்கி. நம்மூர் லாரி சர்வீஸ் நிலையத்தில் வண்டியை நிறுத்தி அடியில் இறங்கி வேலை பார்க்கும் குழியை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆள் இருக்கும் இடத்தில் இங்கே குண்டு. தள்ளுவண்டியில் வந்த குண்டைத் தண்டவாளத்தில் குழிக்கு நேர்மேலே கொண்டுவருவார்கள். தூக்கி கீழிருந்து எழுந்து குண்டைத் தாங்கிக்கொள்ளும். வண்டியையும் தண்டவாளத்தையும் விலக்கியதும், குண்டை 90 பாகை திருப்பிக் குழிக்குள் இறக்குவார்கள். பிறகு விமானத்தை இழுத்து, ஒருபக்கச் சக்கரம் சுழல்தட்டில் திரும்ப, பின்பக்கமாகக் குழிமேல் நிறுத்துவார்கள். குண்டறைக் கதவு குழிக்கு நேராக வரவேண்டும். கடைசியாகக் குண்டு மெதுவாக மேலே எழும். குண்டுக்கும் கதவு விளிம்புக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு என்பதால் நாலாபுறமும் ஆள் நின்று பார்த்தபடியே தூக்கினார்கள். கொக்கி மாட்டி, குண்டு ஆடாதபடி பக்கத்தாங்கிகளை இறுக்கியதும் வேலை முடிந்தது.

ஆகஸ்ட் 5 பிற்பகல் 'லிட்டில் பாய்' இப்படி ஏறியது. ஆகஸ்ட் 6 அதிகாலை 2.45-க்கு 'எனோலா கே' விமானம் ஏபிள் பாதையிலிருந்து கிளம்பியது. ஹிரோஷிமாவில் வெடித்தபோது ஜப்பான் நேரம் காலை 8.15, டினியன் கடிகாரத்தில் 9.15. நடுவழியில் கோளாறு வந்தால் குண்டை வேறு விமானத்துக்கு மாற்ற, இவோ ஜிமா தீவிலும் இதேபோல் ஒரு குழியைத் தயாராக வைத்திருந்தார்கள்.

குண்டைத் தரையிலேயே தயார் செய்யாமல், பறக்கும்போது வெடிமருந்து போட்டது ஏன்?
*– அதே வாசகர்*

ஓடுபாதையின் மேலிருந்த பயம்தான் காரணம். பி-29-ன் ரைட் ஆர்-3350 எஞ்சின் பலம் மிக்கது, ஆனால் சூடேறித் தீப்பிடிக்கும் கெட்ட பெயர் அதற்கு. அதன் உறையில் இருந்த மக்னீசியக் கலவை எரியத் தொடங்கினால் அணைப்பது பெரும்பாடு. முழுப் பாரத்தோடு ஓடும்போது ஓர் எஞ்சின் கைவிட்டால், எழவும் முடியாது, மிச்சப் பாதையில் நிற்கவும் முடியாது. வடக்குத் தளத்தில் விமானங்கள் ஓடுபாதைக் கோடியில் நொறுங்கி எரிவதை ஆயுதப் பொறுப்பாளர் கேப்டன் பார்சன்ஸ் கண்ணால் கண்டிருந்தார். எனோலா கேயில் 7,000 காலன் எரிபொருள், அதாவது சுமார் 26,500 லிட்டர். மொத்த எடை வழக்கத்தைவிட ஏறக்குறைய 7 டன் கூடுதல். அது எரிந்தால் தீவின் வடபகுதியே போய்விடும் என்று கணக்குப் போட்டார்.

'லிட்டில் பாய்' துப்பாக்கிக் குழல் அமைப்பு: ஒரு யுரேனியத் துண்டைக் கார்டைட் மருந்தால் மற்றொன்றை நோக்கிச் சுடுவது. மருந்து இல்லாவிட்டால் சுடாது. ஆகவே மருந்தில்லாமல் கிளம்பி, விமானம் தாழப் பறக்கும்போதே பார்சன்ஸ் குண்டறைக்குள் இறங்கினார். உதவியாளர் ஜெப்சன் டார்ச் பிடித்தார். பின்மூடியை 16 சுற்று கழற்றி, நான்கு பொட்டலமாக இருந்த மருந்தைச் சிவப்பு முனை மூடிப்பக்கம் இருக்கும்படி ஒவ்வொன்றாகச் செருகி, மூடியைத் திருகி இறுக்கி, சுடுகம்பியை இணைத்தார். முதல்நாள் பயிற்சியிலேயே இடுக்கில் விரல்கள் சிராய்த்துப்போயின. பிறகு ஜெப்சன் மூன்று பச்சைச் செருகிகளை எடுத்துவிட்டுச் சிவப்புச் செருகிகளை மாட்டினார். அதுவரை மின்சுற்று துண்டிக்கப்பட்டே இருந்தது.

'ஃபேட் மேன்' குண்டில் இப்படிச் செய்ய வழியில்லை. உள்ளே புளூட்டோனிய உருண்டையைச் சுற்றி முழு வெடிமருந்துக் கூடும் தரையிலேயே கட்டப்பட்டாக வேண்டும். ஆகஸ்ட் 9 அதிகாலை 'பாக்ஸ்கார்' விமானம் அந்த நிலையில்தான் இதே தளத்தில் ஓடி எழுந்தது. அதிலும் ஒரு பம்பு பழுது. பின்தொட்டியில் இருந்த 600 காலனுக்கும் மேலான எரிபொருளை எடுக்கவே முடியவில்லை. முதல் இலக்கான கொக்குரா தெரியாமல் போகவே நாகசாகிக்குத் திரும்பி, டினியன் வர எரிபொருள் போதாமல் ஒகினாவாவில் இறங்கியது.

டினியன் என்றாலே அந்த இரண்டு விமானங்கள்தானா? மற்றவை சும்மா இருந்தனவா?
*– மதுரை வாசகி*

சும்மா இல்லை. அணுகுண்டுப் பிரிவு அங்கிருந்த ஒரு சிறு பகுதிதான். தளத்தின் பெரும்பான்மை 313-வது குண்டுவீச்சுப் பிரிவுடையது. 1945 மார்ச் 9 இரவு குவாம், சைப்பான், டினியன் மூன்றிலிருந்தும் 300-க்கும் மேற்பட்ட பி-29-கள் கிளம்பித் தோக்கியோவில் தீக்குண்டுகளைப் போட்டன. ஒரே இரவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. குழியின் முன் நிற்கிறவர்கள் ஓடுபாதையின் முன்னும் நிற்க வேண்டும் என்று நாங்கள் சொல்வது இதனால்தான். மார்ச் கடைசியிலிருந்து இதே பிரிவு ஜப்பானியத் துறைமுகங்களிலும் நீரிணைகளிலும் 12,000 கண்ணிவெடிகள் வரை போட்டுக் கப்பல் போக்குவரத்தை முடக்கியது. பட்டினி போடுவதே நோக்கம். நடவடிக்கைக்குப் பெயரே 'ஸ்டார்வேஷன்'.

திருகோணமலைக்கும் பி-29-க்கும் தொடர்பு உண்டு என்று எங்கள் ஊரில் பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையா?
*– திருகோணமலை வாசகர்*

உண்மை. 1944 ஆகஸ்ட் 10-ல் உங்கள் சீனக்குடா விமானத்தளத்திலிருந்து 54 பி-29-கள் கிளம்பி, சுமத்திராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கப் போயின. போக வர 6,000 கி.மீ.க்கும் மேல். அதற்காகச் சீனக்குடா ஓடுபாதையை நீட்டினார்கள். அவற்றின் நிரந்தரத் தளங்கள் வங்காளத்தில் கரக்பூரைச் சுற்றி இருந்தன. அதே 58-வது பிரிவுதான் 1945-ன் முதல் பாதியில் இந்தியாவைவிட்டு டினியன் மேற்குத் தளத்துக்குக் குடிபெயர்ந்தது.

இவ்வளவு பெரிய தளத்தை ஏன் விட்டுவிட்டார்கள்? இப்போது அங்கே என்ன மிச்சம்?
*– ஈரோடு வாசகர்*

போர் முடிந்ததும் தேவை முடிந்தது. 1946-ல் ஜப்பானிய, கொரியக் குடும்பங்களைத் திருப்பி அனுப்பினார்கள். தகரக் கொட்டகைகளைப் பிரித்தார்கள். வடக்குத் தளத்தைப் பராமரிப்பதை 1947-ல் நிறுத்தினார்கள். அந்தத் தீவில் சில நூறு பேரே மிஞ்சினார்கள்.

காடு வந்த விதம் உங்கள் ஊர்க்காரருக்கு எளிதில் புரியும். அங்கே 'தங்கன்தங்கன்' என்று சொல்லும் மரம், நாம் ஆட்டுக்கு வெட்டிப்போடும் சவுண்டல், அதாவது சூபாபுல். போரில் மொட்டையான நிலம் அரித்துப்போகாமலிருக்க இதன் விதையை மரியானா தீவுகளில் விமானத்திலிருந்து தூவினார்கள். சுண்ணாம்பு மண் அதற்கு உகந்தது. தழைச்சத்தைத் தானே சேர்த்துக்கொள்ளும். காய் வெடித்து விதை கொட்டிக்கொண்டே இருக்கும். பவளச் சரளையின்மேல் இதைவிட வேகமாக வளர வேறு மரம் தேடவேண்டும்.

ஓடுபாதை செத்தது ஓரத்திலிருந்து. வெயிலில் தாரின் எண்ணெய்ப்பசை போய் மேல்தோல் அப்பளம்போல் நொறுங்கும். முடியளவு வெடிப்பில் விதை விழும். வேர் பருக்கப் பருக்க வெடிப்பு விரியும், மழை அதன்வழி இறங்கி அடியிலுள்ள பவளத்தூளை அரித்துக்கொண்டு போகும், மேலே குழி. பக்கங்களில் காடு நின்றதால் இலைச்சருகு சேர்ந்து மண்ணாகி, அதன்மேல் அடுத்த தலைமுறைச் சவுண்டல். அவ்வப்போது இராணுவப் பயிற்சிக்காகத் துப்புரவாக்கிய பாதை பிழைத்தது, மற்றவை மூடிப்போயின. டினியனுக்கே உரிய 'மோனார்க்' என்ற சிறு குருவி இந்தச் சவுண்டல் காட்டிலும் கூடு கட்டிப் பெருகியிருக்கிறது.

ஜப்பானியர் கட்டிய கான்கிரீட் கட்டடங்கள்தான் உறுதியாக நிற்கின்றன: இரண்டு மாடி விமானக் கட்டுப்பாட்டுக் கட்டடம், மின்நிலையம், எரிபொருள் பதுங்கறை, பதுங்குகுழிகள். கூரைக் கம்பி துருப்பிடித்து உப்பி, கான்கிரீட்டைப் பெயர்த்துத் தொங்குகிறது. போருக்குப்பின் மண்போட்டு மூடிய குண்டுக் குழிகளை 2004-ல் தோண்டித் திறந்து, மேலே கண்ணாடிக் கூரை போட்டார்கள். கரையிறங்கிய இடமும் தளமும் 1985-லேயே அமெரிக்காவின் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டவை.

'கைவிட்ட தளம்' என்ற சொல் இனி அதிக நாள் பொருந்தாது. தீவின் மூன்றில் இரண்டு பங்கு 1983 முதல் அமெரிக்க இராணுவக் குத்தகையில் இருக்கிறது. சீனாவை எண்ணி, அமெரிக்க விமானப்படை 2024-ல் காட்டை வெட்டிப் பழைய பாதைகளை மீட்கத் தொடங்கியது. பழைய தாரைச் சுரண்டும்போது 1944-ன் அடுக்கையும் சேர்த்து அள்ளிவிடுவார்களோ என்பதுதான் எங்கள் கவலை. ஓரிடத்தில் ஒரு துண்டையாவது தொடாமல் விட்டுவைக்க வேண்டும்.

அணுகுண்டு இருந்த குழிக்குப் பக்கத்தில் போனால் கதிர்வீச்சு ஆபத்து இல்லையா?
*– வேலூர் வாசகி*

இல்லை. ஹிரோஷிமாவில் ஆபத்தை உண்டாக்கியவை வெடிப்பில் பிறந்த கதிர்வீச்சும் பொருள்களும். டினியனில் எதுவும் வெடிக்கவில்லை. உலோக உறைக்குள் சில மணி நேரம் இருந்த யுரேனியமும் புளூட்டோனியமும் குழியில் எதையும் விட்டுப்போகவில்லை.

போய்ப் பார்க்க முடியுமா?
*– பெங்களூரு வாசகர்*

முடியும். வட மரியானா அமெரிக்க ஆட்சிப்பகுதி. குவாம் வழி விசா விலக்கு இந்தியக் கடவுச்சீட்டுக்குக் கிடையாது, ஆகவே அமெரிக்க விசா எடுத்தாக வேண்டும். சைப்பானிலிருந்து சிறு விமானத்தில் கால் மணிக்கும் குறைவு. இறங்கும் விமான நிலையமே பழைய மேற்குத் தளம்தான். சான் ஹோசேயில் கார் எடுத்து பிராட்வேயில் நேர்வடக்கே போனால் வடக்குத் தளம். கட்டுமானமும் இராணுவப் பயிற்சியும் நடக்கும் நாட்களில் பாதையை மூடுவார்கள். கிளம்புமுன் ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தளத்தில் கடையும் கிடையாது, குடிநீரும் கிடையாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, முழுக்கால் சட்டை, தடித்த அடியுள்ள காலணி. சவுண்டல் புதரில் முழங்கால் உயரத்தில் குளவிக்கூடு தொங்கும். கையால் விலக்காமல் குச்சியால் விலக்குங்கள். துருப்பிடித்த உருளை எது கிடந்தாலும் தொடவேண்டாம். 1944-ன் வெடிக்காத குண்டுகள் இன்னும் அகப்படுகின்றன. காரை ஓடுபாதையின் நடுக்கோட்டிலேயே ஓட்டுங்கள். ஓரத்தில் தார் இருப்பதுபோல் தெரியும், அடியில் சரளை அரித்துப் பொந்தாகியிருக்கும். சக்கரம் இறங்கினால் இழுக்க அங்கே ஆள் இல்லை.